ஒரு கிலோவுக்கு ஒரு வீசை

ஜூன் 1, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. தாமுவே முக்கில் முழங்கால் தண்ணீர். பாலு டாக்சியில் வந்து இறங்கினான். பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய பார்லி, மால்ட் மூட்டை, பின்சீட்டில் ராஜா மாதிரி, இவன் முன்னால் அதற்குக் காவல். மூட்டை நனையவில்லை, ஆள் தொப்பல். டாக்சியில் வந்தவன் எப்படி நனைந்தான் என்று கேட்டேன். "குடைய மூட்டைக்குப் பிடிச்சிட்டேன் மச்சான்."

ஷ்வேப்யிதா பக்கம் ஒரு குடோன். மூடிப்போன பீர் ரெஸ்டாரண்டின் சாமான்கள் அங்கே கிடக்கின்றனவாம். ஏசி கழற்றப் போனவன் கூலியோடு இதையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். என் மனைவி கமலாவின் தம்பி இவன்; இவன் கேட்டு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. எனக்கோ கேட்கவே வாய் வராது.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன். வண்டு இல்லை. பிஸ்கட் வாசனை. கடித்தால் பொரிகடலை மாதிரி நொறுங்கி, பிறகு மெல்ல இனிக்கிறது.

இருப்பு:
வெளிர் மால்ட் – முக்கால் மூட்டை
சிவப்பு கிரிஸ்டல் மால்ட் – ஒரு பை
ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) – ஃப்ரீசரில். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எவ்வளவு உயிர் மிச்சமோ
ஈஸ்ட் – இருக்கிறது
எக்ஸ்ட்ராக்ட் டப்பா – கடைசி ஒன்று. கூட ஒரு கிலோ பவுடர். இரண்டும் தேதி தாண்டியவை

இத்தனை வருஷமும் டப்பாதான். மால்ட்டை யாரோ எங்கோ காய்ச்சிப் பாகாக்கி அடைத்து வைத்ததை வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்துப் புளிக்கவிடுவோம். அரை நாள் வேலை. இப்போது டப்பா வருவதில்லை. பாங்காக்கிலிருந்து கொண்டுவந்து தருபவர் அங்கேயே தங்கிவிட்டார். இனி பாலுவும் அங்கேதான். ஜூலை 12, விமானம். ஒரு ஓட்டலில் ஏசி வேலை.

"இந்தக் கடைசி டப்பாவ இன்னிக்கே போட்டுடுவோம் மச்சான். மாசக் கடைசில ரெடி. ஒக்காந்து குடிச்சிட்டு நான் கெளம்புறேன்."

"மூட்டை நெறைய மால்ட்ட வச்சிக்கிட்டு டப்பாவா? டப்பா பீர் ஒரு பீரா?"

சிரித்தான். "யா பா டே, மச்சான்." பரவாயில்லை என்பதற்கு பர்மியத்தில் இதைத்தான் சொல்வார்கள். இவனுக்கு எல்லாமே யா பா டே. இவ்வளவு காலம் எனக்கு டப்பா பீர் காய்ச்சிக் கொடுத்தவனிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சோறு சாப்பிடும்போது தோன்றியது.

ஜூன் 2, திங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஈ ஓட்டினேன். லென்ஸ் தேய்க்கும் மெஷின் கரண்டுக்குக் காத்திருந்தது, நானும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

பாலுவின் சிவப்பு பீர், இருபது லிட்டருக்கு: டப்பாப் பாகு 1.7 கி., பவுடர் 1 கி., கிரிஸ்டல் கால் கி., ஹாப்ஸ்.

இதைத் தானியத்துக்கு மாற்ற வேண்டும்.

பவுடர் என்பது அதே பாகை உலர்த்தியது. தண்ணீர் கிடையாது, எல்லாம் சத்து. ஒரு கிலோ பவுடருக்கு ஈடு 1.65 கிலோ மால்ட். நம் பர்மா வீசை 1.63. அதாவது ஒரு கிலோ பவுடருக்கு ஒரு வீசை மால்ட். பெருக்கவே வேண்டாம்! வீசைத் தராசு வைத்திருக்கும் நமக்குத்தான் இந்த வசதி. இரண்டு முறை சரிபார்த்தேன். தனியாகச் சிரித்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

பாகு வேறு கணக்கு. அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். கிலோவுக்கு 1.35. ஆக 2.3 கி. மொத்தம் 3.95. வீசையில் 2.4 சொச்சம். கிரிஸ்டல் அப்படியே, மாற்றம் இல்லை.

ஹாப்ஸ்: முன்பெல்லாம் பாதித் தண்ணீரில் கொதிக்கவைத்து மீதியைப் பச்சைத் தண்ணீராக ஊற்றினோம். இனி எல்லாத் தண்ணீரும் கொதிக்க வேண்டும். நீர்த்த பாகில் கசப்பு கூடுதலாக இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு குறைக்க.

வீட்டுக்கு வந்ததும் வீசை விஷயத்தைப் பாலுவிடம் சொன்னேன்.

"அதத்தானே மச்சான் மூட்டையத் தூக்கும்போதே சொன்னேன், ஒண்ணுக்கு ஒண்ணு போட்டாப் போதும்னு."

அவன் சொன்னது குத்துமதிப்பு. நான் போட்டது கணக்கு. விடை ஒன்றாக வந்துவிட்டதில் எனக்கு எரிச்சல்.

ஜூன் 4, புதன்

மழை விட்டுவிட்டு. செருப்பு பிய்ந்தது.

கமலாவோடு கீழ் அறை பற்றிப் பேச்சு. எங்கள் கட்டடத்துத் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த அறை, என் அப்பா வாங்கிப் போட்டது. டோ மியா என்ற பர்மிய அம்மாள் அதில் மொஹிங்கா கடை, மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், நடத்துகிறார். கியாக்தானில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறேன், இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறேன் என்கிறார். இதையே மூன்று மாதமாகச் சொல்கிறார்.

என் யோசனை: அந்த அறையைப் பாலுவுக்குக் கொடுப்பது. கரண்ட் இல்லாத ஊரில் ஏசி மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்? ஆனால் இன்வெர்ட்டர், பேட்டரி ரிப்பேருக்குத் தெருத்தெருவாக ஆள் தேடுகிறார்கள். கை வேலை தெரிந்தவன், ஒரு போர்டு மாட்டினால் போதும். வாடகை கேட்கப் போவதில்லை. பாங்காக் போகவே வேண்டாம். வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுப்பது அவனை உறுத்துகிறது. அதனால்தான் போகிறான். எனக்குத் தெரியும்.

"அவங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் கமலா.

"டோ மியா உறுதியா ஒரு வார்த்த சொல்லட்டும். இல்லாத அறையக் கொடுக்கவா?"

"அறை எங்கங்க போவுது? இருன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா இருந்துட்டுப் போறான்."

"பீர் தெறக்கிற அன்னிக்குச் சொல்றேன்."

அவள் முருங்கைக்கீரை உருவினாள்.

எனக்கு அப்படித்தான் வரும். நானும் பாலுவும் முக்கியமான எதையும் வெறுங்கையோடு பேசியதில்லை. அவனுக்குப் பார்த்த பெண் வீட்டார் வேண்டாம் என்றதைக்கூட இரண்டாவது பாட்டிலில்தான் என்னால் சொல்ல முடிந்தது. கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதுவும் அப்படி நடக்கட்டும். நல்ல பீராக இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

பெரிய பாத்திரம் வேண்டும். இருபத்தைந்து லிட்டராவது கொதிக்கவேண்டும்.

கோயில் அன்னதான அண்டாவைக் கேட்கலாம் என்றேன். கமலா காதைப் பொத்திக்கொண்டாள். "கோயில் அண்டாவுல பீரா? நல்லா இருப்பீங்களா?" சரி, முக்குக் கடை பாயின் பிரியாணி தேக்சா? "பாய்கிட்ட என்னன்னு சொல்லிக் கேப்பீங்க?" அதுவும் நியாயம். இரண்டு சாமிக்கும் பொதுவாக ஒரு அலுமினியப் பாத்திரம் சொந்தமாக வாங்கியாகிவிட்டது.

பாலு தன் பங்குக்கு மீன்காரர்கள் வைத்திருக்கும் மாதிரி, அடியில் குழாய் வைத்த ஐஸ் பெட்டி கொண்டுவந்தான். மால்ட்டை ஒரு மணி நேரம் சூடு குறையாமல் ஊறவைக்க. சூடு பார்க்க அவனுடைய ஏசி தெர்மாமீட்டர். கமலா நைலான் வலைத்துணியில் பெரிய பை தைத்துக் கொடுத்தாள். தலையில் அடித்துக்கொண்டேதான் தைத்தாள்.

மால்ட்டை உடைக்க வேண்டும். இட்லி மாவு, முறுக்கு மாவு அரைக்கும் மில்லுக்கு இருவரும் தூக்கிப் போனோம். "பருப்பு ஒடைக்கிற மாதிரி ரெண்டா ஒடைச்சாப் போதும் மச்சான்" என்றான் பாலு. எனக்கு ஒப்பவில்லை. எவ்வளவு பொடியோ அவ்வளவு சர்க்கரை இறங்கும் என்று படித்திருந்தேன். நைசாக அரைக்கச் சொன்னேன். மில்காரருக்கும் அதுதான் பழக்கம். முறுக்கு மாவு மாதிரி, தொட்டால் விரலில் ஒட்டியது. "என்ன பலகாரம்?" என்று கேட்டார். புதுசா ஒண்ணு என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

போயிற்று. எல்லாம் போயிற்று.

கரி அடுப்பில் தண்ணீர் எழுபத்து மூன்றுக்கு வந்தது. ஐஸ் பெட்டிக்குள் பையை விரித்து மாவைக் கொட்டி ஊற்றினேன். அறுபத்தாறில் நின்றது. அவ்வளவு சரியாக நின்றதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் கூழ். கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. குழாயைத் திறந்தால் சொட்டு இறங்கவில்லை. மாவு வலைத்துணியின் கண்ணையெல்லாம் அடைத்துவிட்டது. பையைத் தூக்கிப் பிழியலாம் என்று நான்தான் சொன்னேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தையல் விட்டது. சமையலறைத் தரை, சுவர், என் கைலி, பாலுவின் தலைமுடி.

கமலா வாசலில் நின்று பார்த்தாள். "ஆடி மாசம் பொறக்கக்கூட இல்ல. அதுக்குள்ள கூழா?"

பாலு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் பாயிண்ட் தப்பினாலே கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பவன் நான். மாவாக அரைத்தால் தண்ணீர் இறங்காது, உமி முழுசாக இருந்தால்தான் அதுவே வடிகட்டி என்பதும் அதே பக்கத்தில் அடுத்த பாராவில் இருந்தது. படிக்கவில்லை.

கழுநீர் எடுக்க வரும் ஆள் இரண்டு வாளி நிறையக் கொண்டுபோனார். மாவ்பியில் அவர் வளர்க்கும் பன்றிகளுக்கு இன்று விருந்து.

ஜூன் 9, திங்கள்

முதுகு வலி. மழை.

பாலு காலையில் டீ குடித்துக்கொண்டே: "மச்சான், டப்பா அப்படியேதான் இருக்கு. இன்னிக்குச் சாயந்திரம் போட்டாக்கூட நான் போறதுக்கு முந்தி ஒரு வாரம் இருக்கு. மூட்டைய நான் போன பிறகு நீங்க ஆற அமரச் செஞ்சிக்கிடலாம்."

நீ போன பிறகு யாரோடு செய்வேன் என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்தது இது: "அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. கணக்கு சரி. அரைச்சதுதான் தப்பு."

"சரி மச்சான். ஒங்க இஷ்டம்."

எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு காய்ச்சினால் பத்து நாள் புளிப்பு, பாட்டிலில் இரண்டு வாரம். ஜூலை 9. விமானம் 12. போதும்.

ஜூன் 13, வெள்ளி

டோ மியாவிடம் கேட்டேன். மகள் வந்து அழைத்துப்போக வேண்டும், அதற்கு மருமகனுக்கு லீவு கிடைக்க வேண்டும். "பார்க்கலாம், நிச்சயம் போய்விடுவேன்" என்றார். பார்க்கலாம் என்கிறாரா, நிச்சயம் என்கிறாரா? மொஹிங்கா காசு வாங்க மறுத்தார். அது போகப் போகிறவர் செய்கிற காரியம் மாதிரி இருந்தது. இருந்தாலும் உறுதி இல்லை.

கமலா கேட்டாள். உறுதி இல்லை என்றேன். "ஒங்களுக்கு எதுதான் உறுதி?" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல நாள். எழுதி வைக்கிறேன்.

மழை இல்லை, காற்று இருந்தது. இந்த முறை மில்லில் பாலுவே பேசினான். பருப்பு மாதிரி ரெண்டாக உடைந்து, உமி முழுசாக. வீசைத் தராசில் நிறுத்தேன். பை புதுசு, இரட்டைத் தையல்.

தண்ணீர் 73. ஊற்றிக் கிளறியதும் 66.5. மூடியைப் போட்டு மேலே இரண்டு போர்வை. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. ஒரு மணி நேரம் செய்ய எதுவும் இல்லை. ஆளுக்கொரு ஸ்டூல், நடுவில் ஐஸ் பெட்டி, ஜன்னல் வழியாகத் தெரு. டப்பாவில் இந்த ஒரு மணி நேரம் கிடையாது. வேறு யாரோ நமக்காகக் காத்திருந்து முடித்ததைத்தான் டப்பாவில் வாங்குகிறோம்.

பாலு கீழே எட்டிப் பார்த்தான். டோ மியா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இவங்க எப்ப மச்சான் காலி பண்றாங்க?"

"மாசக் கடைசிங்கிறாங்க."

"அப்புறம் ரூம்ப என்ன செய்யப் போறீங்க?"

நெஞ்சு வரை வந்தது. சொல்லிவிடலாம். ஆனால் டோ மியா உறுதி சொல்லவில்லை, பீரும் கையில் இல்லை. அரைகுறையாகச் சொல்லி, நாளைக்கு அறை இல்லை என்று ஆனால்? "பீர் முடியட்டும், பேசுவோம்" என்றேன்.

"சரி மச்சான்" என்று தெர்மாமீட்டரைப் பார்த்தான். "அறுவத்தாறு. அப்படியே நிக்கிது."

மணி ஆனதும் குழாயைத் திறந்தேன். தேன் நிறத்தில் தெளிவாக இறங்கியது. வெந்நீரால் அலசி அலசி எடுத்தோம். பாத்திரம் நிறைந்தது. ஒரு மணி நேரம் கொதி, ஹாப்ஸ், பிறகு ஆறவைப்பதுதான் பெரும்பாடு. முன்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆறிவிடும். இப்போது பாத்திரம் முழுக்கக் கொதிநீர். பாலு ஐஸ் டிப்போவிலிருந்து பாளம் பாளமாக மாடிக்குச் சுமந்தான். குளிக்கும் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி ஐஸைச் சுற்றி அடுக்கினோம்.

பாகின் அடர்த்தியை மிதவை மானியில் அளந்தேன். 1.046. டப்பாக் காலத்தில் வந்த அதே எண். கணக்கு சரி! பாலு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. "மச்சான் மச்சான்தான்." தெருவில் அதே நேரம் கரண்ட் வந்து பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள். எனக்காகக் கத்தியது போலத்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

நன்றாகப் பொங்கி அடங்கியிருக்கிறது. பீர் புளிக்கும் வாளியைச் சுற்றி ஈரக் கைலி, தொட்டியில் ஐஸ் பாட்டில்கள். கரண்ட் இல்லாதபோது பாலு எழுந்து மாற்றுகிறான். நான் சொல்லாமலேயே.

கடைக்கு ஒரு கிழவர் வந்தார். பழைய கண்ணாடியிலேயே நன்றாகத் தெரிகிறதாம், மகன்தான் புதுசு வாங்கச் சொன்னானாம். பிறகு எதற்கு என்று கேட்டேன். அவன் பாவம், கேட்டுட்டான் என்றார்.

ஜூன் 25, புதன்

பாட்டிலில் அடைத்தோம். சர்க்கரைப் பாகு கலந்து, மூடி அடித்து, நான் பிடிக்க அவன் அழுத்த. காஸ் ஏற இரண்டு வாரம். 9ஆம் தேதி திறப்பு என்று சுவர் காலண்டரில் வட்டம் போட்டேன். கமலா அதைப் பார்த்துவிட்டு, "யாரு கல்யாணம்?" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

சாயந்திரம் ஏஜெண்டின் போன். பாலு பர்மியத்தில் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். வைத்துவிட்டுச் சிரித்த முகமாகத் திரும்பினான். ஓட்டலில் அவசரமாம். டிக்கெட்டை மாற்றிவிட்டார்கள். ஜூலை 1, செவ்வாய், காலை.

கமலா கையில் பிடித்திருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"யா பா டே, மச்சான். பீர நீங்க குடிங்க."

ஜூன் 28, சனி

இரண்டு தரம் கீழே போனேன். டோ மியா கடையில் இல்லை, கியாக்தான் போயிருக்கிறாராம். மகளைப் பார்க்கவா, சாமான் கொண்டுபோய் வைக்கவா? பக்கத்து வெற்றிலைக் கடைக்காரருக்குத் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்துவிடலாம் என்று பாலுதான் சொன்னான். நாலு நாளில் என்ன ஆகியிருக்கும்? தெரிந்தே திறந்தேன். சத்தம் வரவில்லை. நுரை இல்லை. வெதுவெதுப்பாக, இனிப்பாக, மருந்து மாதிரி. பாலு குடித்து முடித்தான். "டேஸ்ட் இருக்கு மச்சான். உள்ளாற இருக்கு."

இரண்டு டம்ளர் இருந்தது. ஜன்னல் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் பேச எல்லா வசதியும் இருந்தது. அறை பற்றிச் சொல்லாவிட்டாலும், போகாதே என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அதற்கு டோ மியாவின் உறுதி எதற்கு? ஆனால் நான் என்ன சொன்னேன்? பாட்டிலை நிழலில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அடுத்த தடவை கிரிஸ்டல் கொஞ்சம் கூட்டலாம் என்று சொன்னேன்.

"டப்பாவையே போட்டிருக்கலாம்" என்றும் சொன்னேன்.

"விடுங்க மச்சான். நல்லாத்தானே இருந்திச்சு, செஞ்ச அன்னிக்கு."

பிறகு பெட்டி கட்டப் போய்விட்டான். தெர்மாமீட்டரை என்னிடமே விட்டுவிட்டான்.

ஜூலை 1, செவ்வாய்

விடிந்தும் விடியாமல் கிளம்பி ஏர்போர்ட். மழை. டாக்சியில் கமலா தம்பியின் கையைப் பிடித்தபடி வந்தாள். இவன் கையில் அவள் செய்த முறுக்கு டின்.

உள்ளே போகும் இடத்தில் நின்றான். பை, பாஸ்போர்ட், எல்லாம் சரி பார்த்தான். பிறகும் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். வேறு எதையாவது மறந்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"எடுத்துக்கிட்டேன் மச்சான்."

குனிந்து அக்கா காலைத் தொட்டான். என் காலையும் தொட்டான். வேண்டாம் என்று தடுக்கக்கூடத் தோன்றவில்லை. போய்விட்டான்.

திரும்பும்போது கமலா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். நான் டிரைவரிடம் எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டேன்.

ஜூலை 5, சனி

டோ மியா காலி செய்துவிட்டார். மகளும் மருமகனும் ஒரு சின்ன லாரியோடு வந்தார்கள். அடுப்பு, பெஞ்சு, பானைகள். சாவியைக் கையில் வைத்து, "சொன்னபடி போகிறேன், பார்த்தீர்களா" என்றார். ஐந்து நாள் பிந்தி. அவர் மேல் கோபப்பட முடியவில்லை. என் மேல் வந்த கோபத்தில் அவருக்கு மிச்சம் இல்லை.

அறையைக் கழுவினேன். சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வேலை மேசை போட இடம் அளவாக இருக்கிறது. அளந்து பார்த்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

திறந்தேன். டப்பென்று சத்தம். நுரை இரண்டு விரல் உயரம், கீழே மாணிக்கச் சிவப்பு. ரொட்டி வாசனை, கடைசியில் அளவான கசப்பு. டப்பாவில் இப்படி ஒரு நாளும் வந்ததில்லை. நான் செய்ததிலேயே இதுதான் உருப்படியானது. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பாலு வீடியோவில் வந்தான். பின்னால் வெள்ளை ஓடு போட்ட சுவர், ஓட்டலின் ஊழியர் அறை. இளைத்திருந்தான். டம்ளரைக் காட்டினேன்.

"ஐயோ, கலரப் பாரு! அக்கா, குடிச்சுப் பாத்தியா?"

கமலா தலையை ஆட்டினாள். அவள் குடிப்பதில்லை. அவனுக்காக ஆட்டினாள்.

கையில் டம்ளர் இருந்ததால் எனக்கு வாய் வந்தது. சொன்னேன். டோ மியா போய்விட்டார். கீழ் அறை காலி. உனக்கென்றுதான் நினைத்திருந்தேன். இன்வெர்ட்டர் கடை. வாடகை கிடையாது. நீ வந்தால் நாளைக்கே போர்டு மாட்டலாம்.

அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை.

"தெரியும் மச்சான். அக்கா போன மாசமே சொல்லிட்டாங்க."

கமலாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா ஏன்டா போனே? கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே மச்சான். மால்ட் ஊற வச்ச அன்னிக்கு." குரலில் கோபம் இல்லை. இருந்தால் தேவலாம். "அக்கா சொல்லி நான் ஒக்காந்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? நீங்க கூப்பிடணும். எங்க வீட்ல இருடான்னு நீங்க சொல்லணும். ஏர்போர்ட்லகூட நின்னு பாத்தேன்."

"இப்பச் சொல்றேன். வந்துடு."

"ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு மச்சான்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். டூட்டி. போய்விட்டான்.

கமலாவிடம் கேட்டேன், அவனுக்குத் தெரியும் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை. "நீங்களாச் சொன்னாத்தான் அவன் இருப்பேன்னான். நான் சொல்லி நீங்க சொன்னா அது நீங்க சொன்னதா ஆவுமா?" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில், அதிசயமாக. துணியெல்லாம் காய்ந்தது.

கீழ் அறையைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இளம் புருஷன் பெண்டாட்டி, தையல் கடை வைக்கிறார்களாம். அந்தப் பெண் உள்ளே போய், மேசை போட அளந்து வைத்த இடத்தில் நின்று, இங்கே மெஷின் போடலாம் என்று புருஷனிடம் சொன்னாள்.

யோசித்துவிட்டு ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன்.

கமலா பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "ஒரு வாரமெல்லாம் வேணாம்" என்றாள். அவர்களிடம் பர்மியத்தில் அல்ல, என்னிடம் தமிழில். "உண்டு இல்லன்னு இப்பவே சொல்லிடுங்க. அவங்களும் நின்னுக்கிட்டுதான இருக்காங்க."

உண்டு என்றேன்.